ரெம்மைக் கூட்டாதீங்க, ரெஜெக்ஸைத் திருத்துங்க

ஒரு பெரிய டெக்ஸ்ட் ஃபைல். இரண்டு ஜிபி, மூண்டு ஜிபி. உள்ளே முழுக்கத் தமிழ். அதுக்குள்ள ஒரு பெயரைத் தேட வேணும். எங்கட பக்கத்தில கணினி படிச்ச யாரிட்டக் குடுத்தாலும் வாற முதல் பதில் ஒண்டுதான்: "மெசின் காணாது மச்சான், ரெம் கூட்டவேணும்." இரண்டாவது பதில் இன்னும் மோசம்: "தமிழ்ல ரெஜெக்ஸ் எல்லாம் சரிவராது, இங்கிலீஷுக்கு மாத்திட்டுத் தேடு."

முதலாவது சோம்பேறித்தனம். இரண்டாவது, விளையாட்டு தொடங்க முதலே தோல்வியை எழுதிக் குடுக்கிறது. சிலாபத்தில இருக்கிற பழைய லெப்டொப்பே இந்த வேலைக்குத் தாராளம். காணாமல் இருக்கிறது மெசினில்லை, நாங்க எழுதுற கோவையும் அதை ஓட்டுற எஞ்சினைப் பற்றின அறிவும். அதோட தமிழுக்கு ரெஜெக்ஸ் சரிவராமல் இல்லை. சில கருவிகள் தமிழ் எழுத்தை எழுத்தாகவே கணக்கெடுக்குதில்லை, நாங்களும் அதைக் கேட்காமல் தலையாட்டிக்கொண்டு இருக்கிறோம்.

ரெஜெக்ஸ் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சொல்லைக் குடுத்துத் தேடாமல் சொல்லின் உருவத்தைக் குடுத்துத் தேடுற முறை அது. "ஒன்பது இலக்கம், பின்னால ஒரு எழுத்து, இல்லாட்டி பன்னிரண்டு இலக்கம்" என்று உருவத்தைச் சொன்னால், 2016க்கு முந்தின அடையாள அட்டை இலக்கமும் அதுக்குப் பிறகு வந்த புது இலக்கமும் ஒரே தேடலில் அம்பிடும். வித்தை அவ்வளவுதான்.

இது எங்களுக்கு ஏன் முக்கியம் எண்டு கேட்கிறவர்கள் இந்தக் கரையில் எழுதப்பட்ட பெயர்களைக் கொஞ்சம் வடிவாப் பார்க்கவேணும். வீட்டுக்கு வீடு ஒரு பெர்னாண்டோ இருக்கிற ஊர் இது. ஆனால் எழுத்தில் அவர் ஒரு ஆள் இல்லை. பெர்னாண்டோ, பேர்னாண்டோ, பெர்ணாண்டோ, பெர்னாந்து, பர்னாந்து. எழுதினவரின் காது எப்படிக் கேட்டதோ அப்படி. முஸ்லிம் பெயர்களில இன்னும் கூட: முகமது, முகம்மது, முஹம்மது, முஹம்மத், மொஹமட். பிறப்புச் சான்றிதழில் ஒண்டு, அடையாள அட்டையில் வேறொண்டு, பாடசாலை இடாப்பில் மூன்றாவது. ஊரின் பெயரே அப்படித்தான். தமிழில் சிலாபம், சிங்களத்தில் ஹலாவத்த, ஆங்கிலத்தில் சிலோ. முத்துக்குளிப்பைக் குறிக்கும் சலாபம் என்ற சொல்லில் இருந்து வந்தது என்று சொல்லுறவர்களும் உண்டு. பழைய எழுத்துகளில் அந்தச் சொல்லையும் சேர்த்துத்தான் தேடவேணும்.

இன்னொரு விசயம். 1956க்குப் பிறகு வந்த வருசங்களில் இந்தக் கடலோரத்துக் கத்தோலிக்கப் பாடசாலைகள் பல தமிழை விட்டு சிங்கள மொழிமூலத்துக்குப் போயின. இன்றைக்கு வீட்டில் சிங்களம் பேசுற குடும்பத்தின் பூட்டன் பூட்டியின் பெயர் பழைய பதிவில் தமிழில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் ஒருநாள் தேடி வந்தால், தேடுற கருவி "இல்லை" என்று சொன்னால் அவர்களுக்கு அது இல்லைதான். திரும்ப ஒருக்கால் வேற எழுத்துக்கூட்டலில் தேடிப் பார்க்க அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எழுத்து அங்கேயே இருந்தும் ஆள் காணாமல் போறது இப்படித்தான். பெரிய தமிழ் ஃபைல் எங்கே இருக்கு என்று கேட்காதீங்க. மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியது, தமிழ் விக்கிப்பீடியா 2003இல், ஈழத்து எழுத்துகளைச் சேர்க்கிற நூலகம் 2005இல். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே எக்ஸ்எம்எல் ஃபைலாக யாரும் இறக்கி எடுக்கலாம். விரிச்சால் ஜிபி கணக்கு.

இனி மெசின் விசயத்துக்கு வருவோம்.

பெரிய ஃபைலில் தேடுறதுக்குப் பெரிய மெசின் வேணும் என்ற எண்ணம் எவ்வளவு பிழை என்பதுக்கு, அந்த வேலைக்காகவே பிறந்த கருவியின் கதையே சாட்சி. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் லீ மக்மேன் என்பவர் அமெரிக்காவின் பழைய ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை ஆராய்ந்தார். 85 கட்டுரைகள், எதை யார் எழுதினது என்று கண்டுபிடிக்க வேணும். எல்லாம் சேர்த்து ஒரு மெகாபைட்டுக் கிட்ட. அப்போதைய எடிட்டர் முழு ஃபைலையும் நினைவகத்துக்குள் ஏற்றித்தான் வேலை செய்யும், அந்த நினைவகமோ 64 கிலோபைட். ஏறவில்லை. கென் தொம்சன் எடிட்டருக்குள் இருந்த தேடுற பகுதியை மட்டும் வெட்டி எடுத்துத் தனிக் கருவியாக்கிக் குடுத்தார். அதுதான் கிரெப், ஆண்டு 1973. ஃபைலை உள்ளே ஏற்றாமல் வரி வரியாக வாசிச்சு, பொருந்தினதை அச்சிட்டு, பொருந்தாததை மறந்துபோற கருவி. நினைவகம் காணாது என்ற பிரச்சினைக்குத் தீர்வாகத்தான் அது பிறந்தது. ஐம்பது வருசம் கழிச்சு நாங்க 8 ஜிபி ரெம்மை வைச்சுக்கொண்டு ஃபைல் முழுக்க ஒரே மூச்சில் உள்ளே இழுத்து, தொங்கிப்போச்சு என்று அழுகிறோம்.

தொம்சன் இன்னும் முன்னாலேயே, 1968இல், ரெஜெக்ஸ் தேடலுக்கு ஒரு வழிமுறையை எழுதி வெளியிட்டிருந்தார். ஐபிஎம் 7094 என்ற கணினிக்கு எழுதினது. அந்தக் கணினியின் நினைவகம் 32,768 சொற்கள், ஒவ்வொண்டும் 36 பிட். இன்றைய ஒரு வட்ஸ்அப் படத்தை வைக்கவே இடம் காணாது. அந்த வழிமுறைக்கும் இன்றைக்கு பைதன், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பேர்ள் எல்லாத்திலும் வழக்கமாக ஓடுற வழிமுறைக்கும் உள்ள வித்தியாசம் விளங்கினால் மிச்சமெல்லாம் தானாக விளங்கும்.

வழக்கமான எஞ்சின் தூண்டில்காரன் மாதிரி. ஒரு இடத்தில் போடுவான், அம்பிடாட்டி இழுத்தெடுத்துத் திரும்பிக் கரைக்கு வந்து வேற இடத்தில் போடுவான். ஒரு வழி சரிவரவில்லை எண்டால் பின்னால் வந்து அடுத்த வழி, அதுவும் சரிவராட்டி இன்னும் பின்னால். இதைப் பின்வாங்கித் தேடுதல் எண்டு சொல்லலாம். தொம்சனின் முறை எங்கட கரைவலை மாதிரி. எல்லா வழிகளையும் ஒரே நேரத்தில் பிடிச்சுக்கொண்டு ஒரே தடவை இழுக்கிறது. ஒவ்வொரு எழுத்தை வாசிக்கிற போதும் "இப்ப எந்தெந்த நிலையில் நான் இருக்கலாம்" என்ற பட்டியலை மட்டும் வைச்சிருக்கும். பின்னால் போகவே போகாது.

வித்தியாசம் எவ்வளவு? இந்தக் கோவையை எடுங்க: (அ+)+இ. "ஒன்று அல்லது பல அ கொண்ட கூட்டம், அப்படி ஒன்று அல்லது பல கூட்டம், கடைசியில் ஒரு இ." இதை இருபது அ எழுதி கடைசியில் உ போட்ட ஒரு வரியில் தேடச் சொல்லுங்க. பொருந்தாது எண்டு எங்களுக்குப் பார்த்தவுடனே தெரியும். தூண்டில்காரனுக்குத் தெரியாது. இருபது அ-வைக் கூட்டங்களாகப் பிரிக்க எத்தனை வழி இருக்கோ அத்தனையையும் போட்டுப் பார்ப்பான். இரண்டின் பத்தொன்பதாம் அடுக்கு, 5,24,288 வழி. முப்பது அ எண்டால் 53 கோடிக்கு மேல. ஒரு எழுத்து கூடினால் வேலை இரட்டிப்பு. இதுக்கு எவ்வளவு ரெம் போட்டாலும் என்ன? நூறு மடங்கு வேகமான மெசின் வாங்கினாலும் இன்னும் ஏழு எழுத்து கூடினவுடனே பழைய இடத்துக்கே வந்து நிற்பீங்க. கரைவலைக்காரனுக்கோ முப்பது அ எண்டால் முப்பது அடி, முடிஞ்சுது.

இப்படியெல்லாம் யார் கோவை எழுதுவாங்க என்று கேட்காதீங்க. ஆட்களின் பெயரைப் பிடிக்க எங்கட பொடியன்கள் வழக்கமா எழுதுறதே இதுதான்: "எழுத்துகள் பல, பின்னால் இடைவெளி இருந்தாலும் இல்லாட்டியும் பரவாயில்லை, இது பல தடவை வரலாம், கடைசியில் ஒரு காற்புள்ளி." இடைவெளி கட்டாயமில்லை எண்டு போட்டவுடனே அது மேலே சொன்ன (அ+)+ ஆகிவிட்டது. நூறு வரியுள்ள பரீட்சை ஃபைலில் பறக்கும். காற்புள்ளி இல்லாத ஒரு நீண்ட வரி வந்தவுடனே செத்துப்போகும். உடனே "ஃபைல் பெருசு, மெசின் காணாது." ஃபைல் பெருசானதில் பிழையில்லை. பெரிய ஃபைலில் அந்த ஒரு வரி இருக்கிறதுக்கான வாய்ப்பு கூட, அவ்வளவுதான்.

எங்களை மட்டும் ஏசுறதும் நியாயமில்லை. உலகத்தில் பெரிய ஆட்களே இதில் விழுந்திருக்கிறாங்க. 2016 ஜூலை 20 அன்று ஸ்டக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் படுத்துது. காரணம், வரியின் முன்னாலும் பின்னாலும் இருக்கிற வெற்றிடத்தை வெட்டுற ஒரு சின்ன ரெஜெக்ஸ். யாரோ ஒருவர் போட்ட பதிவில் 20,000 அளவில் வெற்றிடங்கள் தொடர்ச்சியாக இருந்தன, வரியின் நடுவில். எஞ்சின் ஒவ்வொரு வெற்றிடத்திலும் இருந்து திரும்பத் திரும்பத் தொடங்கி ஏறக்குறைய 20 கோடி தடவை சரிபார்த்தது. 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் 27 நிமிடம் விழுந்து, அதோட சேர்ந்து உலகம் முழுக்க ஏராளமான தளங்களும் விழுந்தன. அங்கேயும் ஒரே ஒரு ரெஜெக்ஸ். அதுக்குள்ள இருந்த வினைக் கோவை .*.*=.* மாதிரி ஒரு உருவம், இரண்டு "எதுவும் எத்தனையும்" பக்கத்துப் பக்கத்தில். அதுக்குப் பிறகு பின்வாங்காத எஞ்சினுக்கு மாறப்போறோம் எண்டு அறிவிச்சாங்க. ரெம் வாங்கப்போறோம் எண்டு அறிவிக்கவில்லை.

பிறகு ஏன் தூண்டில்காரன் வென்றான்? 1986இல் ஹென்றி ஸ்பென்சர் எழுதி இலவசமாகக் குடுத்த நூலகநிரல் பின்வாங்குற வகை. பேர்ள் மொழி அதை எடுத்தது. பேர்ளைப் பார்த்து மற்ற மொழிகள் எல்லாம் எடுத்தன. "முன்னால் பிடிபட்ட அதே சொல் திரும்ப வருதா" என்று கேட்கிற வசதி கரைவலை முறையில் செய்ய ஏலாது, பேர்ள்காரருக்கு அது வேணும். அந்த ஒரு வசதிக்காக அதைப் பயன்படுத்தாத கோவைகளும் மெதுவான பாதையிலேயே ஓடின. 2007 ஜனவரியில் ரஸ் கொக்ஸ் எழுதின கட்டுரைதான் இதைப் போட்டு உடைச்சது. 29 எழுத்துள்ள ஒரு வரிக்கு பேர்ள் 60 செக்கனுக்கு மேல எடுத்தது, தொம்சனின் பழைய வழிமுறை எடுத்தது 20 மைக்ரோசெக்கன். பிறகு அவரே கூகிளில் ஆர்இ2 என்ற எஞ்சினை எழுதி 2010இல் திறந்துவிட்டார். கோ மொழியும் ரஸ்ட் மொழியும் அந்த வழியில் வந்தவை. 2016இல் வந்த ரிப்கிரெப் ரஸ்டின் எஞ்சினில் ஓடுது. 2022இல் டொட்நெட் கூட பின்வாங்காத தெரிவொன்றைச் சேர்த்தது. எல்லாமே இலவசம். இறக்குறதுக்கு ஒரு நிமிசம்.

இதெல்லாம் எங்கட வகுப்புகளில் ஏன் வருதில்லை? நான் இருந்த ஒரு கணினி வகுப்பில், பேர் வேண்டாம், ரெஜெக்ஸ் பாடம் மொத்தம் அரை மணித்தியாலம். ஈமெயில் முகவரியைச் சரிபார்க்கிற ஒரு முழ நீளக் கோவையைப் பலகையில் எழுதினாங்க, நாங்க கொப்பியில் எழுதினோம், பெல் அடிச்சுது. இப்ப அந்தப் பலகைக்குப் பதிலாக ஏஐ. அதிட்டக் கேட்டால் அதே முழ நீளக் கோவையைக் கொஞ்சம் மரியாதையோட தரும்.

சரி, எஞ்சினை மாத்தியாச்சு. இனித் தமிழ்.

"தமிழ்ல சரிவராது" எண்டு சொல்லுறவன் முழுப் பொய்யன் இல்லை. அவனுக்கு உண்மையிலேயே சரிவரவில்லை. ஆனால் ஏன் எண்டு பார்க்காமல் விட்டதுதான் குற்றம். பைதனோட கூட வாற ரெஜெக்ஸ் மொடியூலில் "சொல்லெழுத்து" என்பதுக்கு ஒரு குறி இருக்கு, பின்சாய்கோடும் டபிள்யூவும். அதை வைச்சு "சிலாபம்" என்ற சொல்லைப் பிரிக்கச் சொல்லுங்க. மூன்று துண்டு வரும்: ச, ல, பம. "உடப்பு" என்றால் உடப, ப. முன்னேஸ்வரம் ம, ன, ன, ஸ, வரம என்று ஐந்தாக உடையும். கோயிலே உடைஞ்ச மாதிரி. காரணம், அந்த மொடியூலுக்கு உயிர்மெய்யின் கொம்பும் காலும் விசிறியும் புள்ளியும் எழுத்தே இல்லை. அரிச்சுவடியில் பாதியை அது நிறுத்தற்குறி மாதிரித் தள்ளிவைக்குது.

இதைவிடப் பெரிய கூத்து சொல்லெல்லைக் குறி. "சிலாபம்" என்பதை முழுச்சொல்லாக மட்டும் தேடு என்று இரண்டு பக்கமும் எல்லைக்குறி போட்டுக் குடுங்க. "சிலாபம் நகரம்" என்ற வரியில் அம்பிடாது. ஏன்? கடைசியில் இருக்கிற புள்ளி எழுத்தில்லை, பக்கத்தில் இருக்கிற இடைவெளியும் எழுத்தில்லை, ஆகவே நடுவில் எல்லை இல்லை என்று அது முடிவெடுக்குது. ஆனால் "சிலாபம்வரை" என்று ஒட்டி எழுதியிருந்தால் அம்பிடும்! முழுச்சொல் கேட்டால் முழுச்சொல்லை விட்டுட்டு ஒட்டுச்சொல்லை மட்டும் கொண்டுவந்து தருது. அதே நேரம் "பல" என்று முழுச்சொல்லாகத் தேடினால் "பல்" எல்லாம் வந்து குவியும். ஜாவாஸ்கிரிப்டிலும் கோவிலும் ஆர்இ2விலும் இன்னொரு விதம்: அங்கே அந்தக் குறிகள் ஆங்கில எழுத்தை மட்டும்தான் எழுத்து எண்டு எடுக்கும். தமிழ் மொத்தமாக வெளியே. வேகத்துக்காக மேலே புகழ்ந்த எஞ்சினையே இங்கே ஏசவேண்டி இருக்கு, என்ன செய்ய.

இது தெரியாமல் நடந்ததில்லை. யூனிகோட் அமைப்பின் ரெஜெக்ஸ் பரிந்துரையே சேர்குறிகளையும் சொல்லெழுத்தாக எடுக்கச் சொல்லுது. பைதன் அதை மீறுது என்று 2011லயே முறைப்பாடு பதிவாயிற்று. ரஸ்டின் எஞ்சின் சரியாகச் செய்யுது, பேர்ள் சரியாகச் செய்யுது, பைதனுக்கே ரெஜெக்ஸ் என்ற பெயரில் இருக்கிற தனி மொடியூலும் சரியாகச் செய்யுது. ஆகவே ஏலாத வேலை இல்லை. கேட்கிற ஆள் இல்லை, அதுதான். தேவநாகரிக்காரருக்கும் சிங்களக்காரருக்கும் இதே வெட்டுத்தான். "ශ්‍රී" எழுதத் தெரிஞ்ச நண்பர்கள் பக்கத்து மேசையில் இதே சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறாங்க. சேர்ந்து கேட்டால் சத்தம் இரட்டிப்பு.

கருவியின் குற்றம் அது. இனி எங்கட குற்றம். யூனிகோடில் "ம்" என்பது இரண்டு குறி, ம-வும் புள்ளியும். ஆகவே முகமதுவையும் முகம்மதுவையும் சேர்த்துப் பிடிக்கலாம் எண்டு முகம்?மது என்று எழுதினால், கேள்விக்குறி புள்ளியில் மட்டும்தான் ஒட்டும். அது முகம்மதுவைப் பிடிக்கும், யாரும் வைக்காத "முகமமது" என்ற பெயரையும் பிடிக்கும், முகமதுவை விட்டுவிடும். அடைப்புப் போட்டு முக(ம்)?மது என்று எழுதவேணும். சதுர அடைப்புக்குள் [பெபே] எண்டு போடுறதும் அதே கதை. அது பெ அல்லது பே என்று விளங்காது. ப, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு ஆகிய மூன்றில் ஏதாவது ஒண்டு என்றுதான் விளங்கும். பெர்னாண்டோ தற்செயலா அம்பிடுவார், ஆனால் முன்னால ப வெட்டுப்பட்டு, கொம்பில் இருந்து தொடங்கி வருவார். (பெ|பே)ர்(னா|ணா)ண்டோ என்று எழுதுங்க. எழுத நாலு எழுத்து கூட, ஆனால் ஆள் முழுசா வருவார்.

ஃபைலையும் தேட முதல் ஒருக்கால் சுத்தம் பண்ணவேணும். "கொழும்பு" என்பதின் கொ-வை க-வும் ஒற்றைக் குறியுமாக எழுதலாம், க-வும் கொம்பும் காலுமாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒண்டு, மெசினுக்கு வேற வேற. இதை யூனிகோடின் சீராக்கல் முறை ஒரே ஓட்டத்தில் சரிபண்ணும். ஆனால் ஸ்ரீ-யை அது சரிபண்ணாது. 2005இல் ஶ என்ற எழுத்து யூனிகோடுக்கு வந்த பிறகு, ஸ-வில் தொடங்குற ஸ்ரீ, ஶ-வில் தொடங்குற ஶ்ரீ எண்டு ஒரே உருவத்தில் இரண்டு உலாவுது. நாட்டின் பெயரே அதில்தான் தொடங்குது, யோசிச்சுப் பாருங்க. ஔவையாரை ஒ-வும் ள-வுமாக எழுதுறவர்களை யூனிகோடும் காப்பாற்றாது. பிறகு பாமினி. இலங்கையில் தட்டச்சான தமிழில் பெரும் பங்கு பாமினி எழுத்துருவில் கிடக்கு. எழுத்துருவைக் கழற்றினால் உள்ளே ஆங்கில எழுத்துக் கூளம்தான். அதில் தமிழைத் தேடினால் ஒண்டும் வராது, "தமிழ்ல சரிவராது" என்ற கட்டுக்கதைக்கு இதுவும் ஒரு தாய். ஒருக்கால் மாத்தி யூனிகோடில் சேமிச்சு வையுங்க. தேடுற ஒவ்வொரு தடவையும் மாத்திக்கொண்டிருக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், கடவுளே.

பெரிய ஃபைலில் தமிழுக்கு மட்டும் உரிய ஒரு வேகப் பிரச்சினையும் இருக்கு, இதை யாரும் பேசுறதில்லை. யூடிஎஃப்-8இல் ஒரு ஆங்கில எழுத்து ஒரு பைட், ஒரு தமிழ்க் குறி மூன்று பைட். சிலாபம் என்ற சொல் ஏழு குறி, 21 பைட். அந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிக்கும் ஒண்டேதான். இரண்டாவது பைட் இரண்டே வகை, மெய்யெழுத்துகள் எல்லாத்துக்கும் அதுவும் ஒண்டேதான். நல்ல தேடுகருவிகள் முதலில் ஒரு அபூர்வமான பைட்டைப் பிடிச்சு ஃபைலில் வேகமாகத் தாவிப்போகும், அது கிடைச்ச இடத்தில் மட்டும் நின்று முழுக் கோவையைப் பார்க்கும். முதல் பைட்டைப் பிடிச்சுத் தாவுற கருவி ஆங்கிலத்தில் பறக்கும், தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் தடக்கி விழும். எங்களுக்கு அடையாளம் மூன்றாவது பைட்டில்தான் இருக்கு. ரிப்கிரெப் அரிதான பைட்டைத் தெரிஞ்செடுத்துத் தாவப் பார்க்கும், அதனால் அது தப்பும்.

இதுக்கு மறுபக்கம் ஒரு நல்ல செய்தி. யூடிஎஃப்-8இன் அமைப்பில் ஒரு எழுத்தின் நடுப்பகுதி இன்னொரு எழுத்தின் தொடக்கம் மாதிரி ஒருக்காலும் தோன்றாது. ஆகவே நேரடிச் சொல் தேடலுக்கு எழுத்தாகப் பிரிக்கத் தேவையே இல்லை, வெறும் பைட்டாகத் தேடலாம். பழைய கிரெப்பில் லோக்கேலை சி என்று மாத்தி ஓட்டினால் வேகம் கூடுறது இதனால்தான். நேரடிச் சொல்லுக்கு மட்டும் செய்யுங்க, புள்ளிக்குறியும் சதுர அடைப்பும் இருந்தால் வேண்டாம், பைட்டை எழுத்து எண்டு நினைச்சுக் குழம்பும். இந்த யூடிஎஃப்-8ஐ 1992இல் ஒரு சாப்பாட்டுக் கடை மேசையில் இருந்து வரைஞ்சவர்கள் இருவர். ஒருவர் ரொப் பைக். மற்றவர் அதே கென் தொம்சன். எங்கட எழுத்தை ஃபைலில் வைக்கிற முறையும் அதைத் தேடுற முறையும் ஒரே ஆளின் கையால் வந்திருக்கு, நாங்கதான் இரண்டையும் பொருத்தத் தெரியாமல் நிற்கிறோம்.

பைதனில் எழுதித்தான் ஆகவேணும் எண்டால் வரி வரியாக வாசியுங்க. வரியே இல்லாத ஃபைலாக இருந்தால் துண்டு துண்டாக வாசியுங்க, ஆனால் ஒரு துண்டின் வாலை அடுத்ததின் தலையோட ஒட்டவைக்க மறக்காதீங்க. இல்லாட்டி மூன்று பைட் எழுத்து நடுவில் பிளந்துபோகும், துண்டுகளின் ஓரத்தில் இருந்த பெயரும் காணாமல் போகும். அதுக்கு முன்னால் ரெஜெக்ஸ் தேவையா எண்டு பாருங்க. சிலாபம், சிலாபத்தில், சிலாபத்துக்கு எல்லாத்தையும் பிடிக்க மண்டையை உடைக்கத் தேவையில்லை. "சிலாப" என்று நேரடியாகத் தேடினால் அத்தனையும் வரும். வேற்றுமை உருபு பின்னால் ஒட்டுற மொழி தேடுறவனுக்குச் செய்த உபகாரம் அது. இரண்டாயிரம் பெயருள்ள பட்டியல் ஒண்டைத் தேட வேணும் எண்டால் ஃபைலை இரண்டாயிரம் தடவை ஓட்டாதீங்க. ஆல்பிரட் ஏஹோவும் மார்கரெட் கொராசிக்கும் 1975இல் வெளியிட்ட வழிமுறை எல்லாச் சொற்களையும் ஒரே ஓட்டத்தில் பிடிக்கும். நேரடிச் சொற்பட்டியலை ஒரு ஃபைலாகக் குடுத்துத் தேடுற வசதி கிரெப்பிலேயே பல காலமாக இருக்கு. ஒரே ஃபைலில் தினமும் தேடுறீங்க எண்டால் ரெஜெக்ஸை விட்டுட்டு ஒரு சொல்லடைவு கட்டுங்க, அது வேற வேலை.

ரெஜெக்ஸுக்குத் தலையில் கிரீடம் வைக்கவும் நான் வரவில்லை. 2019 மே 12, ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்கு மூன்று வாரத்துக்குப் பிறகு, ஃபேஸ்புக் கருத்தொன்றில் இருந்த ஆங்கில வசனத்தை மிரட்டல் என்று பிழையா விளங்கி எங்கட ஊரில் பள்ளிவாசல் மேலயும் முஸ்லிம் கடைகள் மேலயும் கல் விழுந்தது. ஊரடங்கு வந்தது, சமூக ஊடகங்களை முடக்கினாங்க. அதுக்குப் பிறகு "கெட்ட சொல் பட்டியல் ஒண்டு வைச்சு வடிகட்டினால் சரி" என்று மேடை மேடையாகச் சொன்னவர்கள் இருக்கிறாங்க. அந்த வசனத்தில் இருந்ததெல்லாம் சிரிப்பு, அழுகை என்ற அளவில் சாதாரணச் சொற்கள். எந்தப் பட்டியலிலும் அவை இருந்திருக்காது. கல்லெறிஞ்சவர்கள் வாசிச்சது எழுத்தில் இல்லாத ஒண்டை. ரெஜெக்ஸ் எழுத்து எங்கே இருக்கு எண்டு மட்டும்தான் சொல்லும், அதை மட்டும்தான் அதிட்டக் கேட்கவேணும்.

ஆனால் எங்கே இருக்கு என்பதையாவது அது சரியாகச் சொல்லவேணும். அதுக்குக் கருவி செய்யிறவர்களிடம் போய்க் கேட்கவேணும், வெறும் புலம்பலாக இல்லாமல் சோதனைச் சொற்களோட. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. "இந்தச் சொல்லைக் குடுத்தால் இது வரவேணும், உங்கட கருவியில் வாறது இது" என்று இரண்டு நிரலில் எழுதிக் குடுத்தால் தமிழ் தெரியத் தேவையும் இல்லை. அந்தப் பட்டியலை நாங்க இந்தக் கரையில் இருந்தே தொடங்கலாம். சிலாபம், உடப்பு, முன்னேஸ்வரம், புத்தளம், கற்பிட்டி, மாதம்பை. பெர்னாண்டோவின் ஐந்து உருவம், முகமதுவின் ஐந்து உருவம். ஒட்டின கொ ஒண்டு, பிரிச்ச கொ ஒண்டு. உங்கட வீட்டுப் பழைய பத்திரங்களில் வேற எழுத்துக்கூட்டல் இருந்தால் அனுப்புங்க, ஆளின் முழு விபரம் வேண்டாம், எழுத்துக்கூட்டல் மட்டும் போதும். ஸ்ரீ-யை இரண்டு விதமாகவும் தட்டச்சு பண்ணி, எது எது எண்டு பக்கத்தில் குறிச்சு அனுப்புங்க. பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாது.